முள்ளோடையின் இருநூற்றுப் பன்னிரண்டு பதில்கள்

முள்ளோடைக்காரர்கள் தங்கள் வீட்டுச் சாவுகளைப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிக் கொடுத்த அந்த மாசி மாதத்துக்குப் பிறகு, அந்தச் சாவுகளைப் பற்றி ஒரு வார்த்தை வாய் திறந்து சொல்ல அவர்களால் முடியாமல் போயிற்று. துக்கம் தொண்டையை அடைத்துக்கொண்டது என்று நினைத்துவிட வேண்டாம். துக்கம் அடைத்த தொண்டைகளை அந்த ஊர் வேண்டியமட்டும் பார்த்திருக்கிறது. இது வேறு சங்கதி. வாயைத் திறந்தால் மூச்சு வரும், இருமல் வரும், கொட்டாவிகூட வரும், சொல் மட்டும் வராது, ஏனென்றால் அந்தச் சொல் அங்கே இல்லை, கேள்வி கேட்க வந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எடுத்துக்கொண்டு போனவள் சந்தனமாரி. அவள் நல்லவள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு அவளைத் திட்டத் தோன்றும்போது ஞாபகத்தில் இருக்கட்டும். முப்பத்துநாலு வயது, பல்கலைக்கழகத்தின் தரவு அறையில் உதவியாளர். ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற எண்களையும் குரல்களையும் சர்வரில் ஏற்றுவது, ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் எடுத்து மூன்று இடங்களில் வைப்பது, யார் கேட்டால் கொடுக்கலாம் யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று பட்டியல் பராமரிப்பது, இதெல்லாம் அவள் வேலை. ஆள் பற்றாக்குறை வந்தால் அவளையே ஊருக்கு அனுப்பிக் கேள்வி கேட்கவும் வைப்பார்கள்.

அப்படித்தான் பேராசிரியர் பொன்னுலிங்கம் அவளை முள்ளோடைக்கு அனுப்பினார். உப்பளத்தில் வேலை பார்க்கிற ஜனங்களுக்கு நாற்பது வயதுக்குள் சிறுநீரகம் ஏன் கெட்டுப்போகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. ஊர்க்காரர்களைக் கேட்டால் ஒரே நிமிஷத்தில் வடக்கே கையைக் காட்டியிருப்பார்கள். வடக்கே கம்பெனி, கம்பெனிக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு குட்டை, குட்டைக்கும் ஊர்க் கிணற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவரும் கொஞ்சம் மணலும். ஆனால் கையைக் காட்டுவது ஆராய்ச்சி ஆகாதல்லவா, அதனால் சந்தனமாரி ஒவ்வொரு வீடாக ஏறி, பாயில் உட்கார்ந்து, நடுவில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, இருபத்தாறு கேள்விகள் கேட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு சாவாவது இருந்தது. கேட்பதற்கு முன்னால் ஒப்புதல் படிவத்தை நிறுத்தி நிதானமாக வாசிப்பாள்: "நீங்க சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். ஒங்க பேரு வெளிய வராது. ஒங்க குரல ஒரு வருசத்துல அழிச்சிருவோம்." அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். இருபத்தாறாவது கேள்வி, இறந்தவர் கடைசியாக எப்படி இருந்தார், என்ன சொன்னார், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்பது. அந்தக் கேள்விக்கு மட்டும் பேராசிரியர் ஒரு முறை வைத்திருந்தார்: அவர்கள் சொல்லி முடித்ததும் சந்தனமாரி அதை அப்படியே தன் வாயால் கருவிக்குள் திருப்பிச் சொல்லி, "இதான சொன்னீங்க?" என்று கேட்டு, அவர்கள் "ஆமா" என்றபிறகுதான் பொத்தானை அணைக்க வேண்டும்.

இருநூற்றுப் பதினோரு வீடுகளில் அவள் திருப்பிச் சொன்னாள். ஒரே ஒரு வீட்டில், லூர்தம்மாள் வீட்டில், அவளால் முடியவில்லை. லூர்தம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது, புருஷன் எப்போதோ போய்விட்டான், டெல்வின் என்று ஒரே மகன், அவனும் இருபத்திரண்டு வயதில் போனான். அவன் போன கதையைக் கேட்டதும் சந்தனமாரி ஏங்கி ஏங்கி அழுது, மூக்கைச் சிந்தி, கருவியை அணைத்துவிட்டு எழுந்து வந்தாள். குறிப்புக் கட்டத்தில் 'திருப்பிச் சொல்லப்படவில்லை' என்று எழுதினாள். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "அழறதுக்கா ஒனக்குச் சம்பளம்?" என்று கேட்டார்.

முதல் மாதம் ஊருக்கு நல்ல தூக்கம். பொய் சொல்லவில்லை, லூர்தம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி பேச்சிக்கனி, புருஷன் போன நாலு வருஷத்தில் முதல்தடவையாகச் சூரியன் முகத்தில் அடிக்கிறவரை தூங்கி, உப்பளத்து லாரியைத் தவறவிட்டு, கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள். நெஞ்சில் ஏற்றிவைத்த உப்பு மூட்டையை யாரோ இறக்கியதுபோல இருக்கிறது என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். யுனிவர்சிட்டிப் பிள்ளை நல்ல கைராசிக்காரி என்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, எங்க ஊருக்கும் கேள்வி கேக்க வருவாவளா என்று விசாரித்துப் போனார்கள்.

இரண்டாம் மாதம் அருளப்பன் வீட்டில் தம்பிக்கு வருஷத் திவசப் பூசை. வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, வழக்கமாகக் கேட்கிற மாதிரி, "நல்லாத்தான இருந்தாவ, என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டார். அருளப்பன் வாயைத் திறந்தார். கொஞ்ச நேரம் திறந்தபடியே வைத்திருந்தார். பிறகு மூடிக்கொண்டு, ரேஷன் கடை எங்கே என்று கேட்டால் சொல்லுகிற குரலில், "அது யுனிவர்சிட்டில இருக்கு" என்றார். கூட இருந்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை, தங்கள் தங்கள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள், ஆமாம், தங்களுடையதும் அங்கேதான் இருக்கிறது என்று தலையாட்டினார்கள்.

அதிலிருந்து அந்தப் பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது. அப்பா எப்படிம்மா செத்தாரு என்று பிள்ளைகள் கேட்டால், யுனிவர்சிட்டில இருக்கு. மாமியார் சாகும்போது நகையை யாருக்குக் கொடுக்கச் சொன்னாள் என்று மருமகள்கள் சண்டை போட்டால், யுனிவர்சிட்டில இருக்கு, போய்க் கேட்டுக்கிடு. சாராயத்தைப் போட்டுவிட்டு அண்ணனை நினைத்து அழ உட்கார்ந்தவன்கூட நாலு வரி ஒப்பாரிக்குமேல் போக வழியில்லாமல், எல்லாம் யுனிவர்சிட்டில இருக்குடா பாவிகளா என்று எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் மூன்று மணிக்கு ஊருக்கு விக்கல் எடுத்தது. சந்தனமாரி வைத்திருந்த மூன்று நகலும் சர்வரில் தாமாகவே புதுப்பித்துக்கொள்கிற நேரம் அது. யாரோ நினைக்கிறார்கள் என்றுதானே விக்கலுக்கு அர்த்தம், ஊரே அப்படித்தான் எடுத்துக்கொண்டது: உப்பை வாரிக்கொண்டிருக்கிறவள் பலகையை ஊன்றி நின்று விக்குவாள், டீக்கடையில் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு விக்குவார்கள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் ரெண்டே முக்காலுக்கே பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க விட்டுவிடுவார், ஏனென்றால் வீட்டுக்கு ஒருவராவது கணக்கெடுப்பில் பேசியிருந்தார்கள், பாதிப் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊடே ஊடே பேசியிருந்தார்கள். "நெனைக்காவ, நெனைக்காவ" என்று சொல்லித் தலையில் தட்டிக்கொள்வார்கள். நினைக்கிறது யார், ஒரு இரும்புப் பெட்டி. ஆனாலும் நினைப்பு நினைப்புதான் என்று அவர்களுக்கு ஒரு சமாதானம்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சொல்லாமல் வைத்திருக்கிற ஞாபகம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? சாவு நடந்தது தெரியும், தேதி தெரியும், ஆனால் அந்தக் கடைசி நாள் எப்படி இருந்தது, என்ன கேட்டார், எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார் என்பதெல்லாம் மழையில் விட்ட உப்புக்குவியல் மாதிரி நாளுக்கு நாள் கரைந்து, வருஷம் திரும்புவதற்குள் அடித்தடம் மட்டும்தான் மிஞ்சியது. சந்தனமாரிக்கும் அதே கதிதான். திருப்பிச் சொன்ன இருநூற்றுப் பதினொன்றும் அவளிடமிருந்தும் போய்விட்டன. சர்வரிலிருந்து எடுத்துக் காதில் மாட்டிக் கேட்டால் கேட்கிற நேரத்துக்கு இருக்கும், கழற்றினால் போய்விடும். அவளிடம் தங்கியது ஒன்றே ஒன்று, லூர்தம்மாளுடையது. அது காலையில் பல் தேய்க்கும்போது வரும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரும், தம்ளரில் தண்ணீர் மோந்தால் கட்டாயம் வரும்.

ஊர்க்காரர்கள் பல்கலைக்கழகத்துக்கு வர ஆரம்பித்தார்கள். ஐந்தாறு பேராகச் சேர்ந்து, தூக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு, ரெண்டு பஸ் மாறி வருவார்கள். வாசலில் செக்யூரிட்டி நோட்டில் வந்த காரணம் என்ற இடத்தில் 'பதில் வாங்க' என்று எழுதுவார்கள். சந்தனமாரி அவர்களை உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு, விண்ணப்பப் படிவத்தை நீட்டுவாள். தரவு எந்த ஆராய்ச்சிக்குத் தேவை, விண்ணப்பதாரர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், நெறியாளர் பெயர் என்ன? அருளப்பன் ரொம்ப நேரம் யோசித்து, நிறுவனம் என்ற இடத்தில் 'மூணாம் நம்பர் உப்பளம்' என்று எழுதினார். பல்கலைக்கழகத் தரவுக் குழு கூடியது, பரிசீலித்தது, நிராகரித்தது. பேராசிரியரின் கட்டுரை அச்சில் வரும்வரை யாருக்கும் கொடுப்பதற்கில்லை. கட்டுரையோ மூன்று பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்திருந்தது. அவரும் பாவம்தான், "நான் கொடுத்துட்டா வேற எவனாவது முந்திக்கிட்டு எழுதிடுவாம்மா, பன்னெண்டு வருசமா இதுக்காகத்தான் காத்திருக்கேன்" என்று சந்தனமாரியிடம் கண் கலங்கச் சொன்னார்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நின்ற ஜனத்துக்கு மனசு ஆறவில்லை. இங்கே எலும்புதானே கிடக்கிறது, ஆள் அங்கேயல்லவா இருக்கிறார் என்று ஒருத்தி சொல்ல, முள்ளோடை மொத்தமும், வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்களும் அம்மன் கும்பிடுகிறவர்களும் சேர்ந்து, சாயங்காலம் தரவு அறை வாசலில் வந்து நின்றது. படிக்கட்டு முழுக்க மெழுகுவர்த்தி. சுவரில் கை வைத்துப் பார்த்து, கதகதப்பாகத்தான் இருக்கு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். புகை ஏறியதும் தீ எச்சரிக்கை மணி அலறியது, செக்யூரிட்டிகள் வாளியோடு ஓடி வந்தார்கள். நனைந்த திரிகளைச் சந்தனமாரி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவளுக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். வருஷம் முடிந்திருந்தது. குரல்களை அழிக்க வேண்டிய தேதி வந்தது. அதற்குள் ஒவ்வொரு குரலையும் கேட்டுக் கேட்டு எண்களாக மாற்றியிருந்தாள்: முதுமையால் இறந்தால் ஒன்று, விபத்தானால் இரண்டு, இதயமானால் மூன்று, சிறுநீரகமானால் நான்கு, படுத்த நாட்கள் இத்தனை, முடிந்தது. குரல்கள் இனித் தேவையில்லை என்பது விதி. ஆனால் அவள் விதிக்காக மட்டும் அழிக்கவில்லை. வாயிலிருந்து பெட்டிக்குள் போனது, பெட்டியில் இடம் இல்லையென்றால் வாய்க்குத்தானே திரும்பி வரும், வேறெங்கே போகும்? இப்படிக் கணக்குப் போட்டாள். பெட்டியைத் தவிர வேறு எதையும் நம்பி வளராத ஒருத்திதான் இப்படிக் கணக்குப் போட முடியும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மூன்று நகலையும் தன் கையாலேயே துடைத்துவிட்டு, அரைநாள் லீவு எழுதிக்கொடுத்து, சந்தோஷமாக முள்ளோடைக்குப் பஸ் ஏறினாள்.

மூன்று மணி ஆனது. வழக்கமான விக்கல் வரவில்லை, மிஞ்சியிருந்த எண்களுக்காக ஆளுக்கு ஒரே ஒரு சின்ன விக்கல், அவ்வளவுதான். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சந்தனமாரி அருளப்பனைப் பிடித்து, "அண்ணாச்சி, சொல்லுங்க, தம்பி எப்படிப் போனாரு?" என்றாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. பேச்சிக்கனி, அவள் கொழுந்தன், டீக்கடைக்காரர், ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே தெருக்கோடிவரை போனாள். கோடியில் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "நான் அழிச்சிட்டேன், எல்லாத்தையும் நானே அழிச்சிட்டேன்" என்றாள். யாரும் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு அவள் நினைத்ததுண்டு.

இதற்கு எட்டு மாதம் கழித்து, யார் யாரோ மனுப்போட்டு, கிணற்றைப் பற்றியும் சாவுகளைப் பற்றியும் விசாரிக்க அரசாங்கம் ஒரு அதிகாரியை நியமித்தது. அதற்கடுத்த வருஷம் ஆனி மாதம் பதினாலாம் தேதி பள்ளிக்கூடத்தில் விசாரணை. ஒரு சாவையாவது வீட்டு ஆள் நேரில் நின்று விவரமாகச் சொன்னால்தான் தண்ணீரோடு அதைச் சேர்த்துப் பார்க்க முடியும், இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவோம் என்று கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பேச்சிக்கனியின் ஒன்பது வயது மகள் இசக்கிக்கு அந்த மாதம்தான் காலையில் எழுந்தால் கண்ணிமை வீங்க ஆரம்பித்திருந்தது. அந்த வீக்கம் எதில் தொடங்கி எதில் முடியும் என்பது சொல்ல வாயில்லாவிட்டாலும் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

விசாரணைக்குப் பத்து நாள் முன்னால் பேராசிரியரின் கட்டுரை அச்சில் வந்தது. அன்றைக்கே தரவும் திறந்துவிடப்பட்டது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு இருபத்தாறு எண். திறந்த அந்த நிமிஷத்தில் முள்ளோடையில் எல்லோர் வாயும் திறந்துகொண்டது. தம்பி எப்படிச் செத்தாரு என்று கேட்டால் அருளப்பன், "நாலு. அறுவத்தி மூணு" என்றார். காரணம் நாலு, படுத்த நாள் அறுபத்து மூன்று. பேச்சிக்கனி புருஷனைப் பற்றி, "நாலு. பதினேழு" என்றாள். வாய் வந்ததே பெரிது என்று முதல்நாள் சந்தோஷப்பட்டார்கள், கோவிலில் மணி அடித்தார்கள். அப்புறம் எண்களோடு வாழப் பழகினார்கள். நாலுக்காரர்கள் குழாயடியில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மூணுக்காரி ஒருத்தி தன் வீட்டுச் சாவும் நாலுதான், எழுதினவள் தப்பாக எழுதிவிட்டாள் என்று சண்டைக்கு வந்தாள். ஒப்பாரி வைக்கிற பெண்கள் நாலு, நாலு என்று மாரில் அடித்துக்கொண்டு அழப் பார்த்தார்கள், கண்ணீர் வரவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் லூர்தம்மாள் தனியாகத் தரவு அறைக்கு வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சந்தனமாரியின் மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி மாரி, என் மவன் கடைசியா என்ன சொன்னான்னு நான் ஒன்கிட்ட சொன்னேன்லா?"

"சொன்னிய."

"ஊர்ல எல்லாருக்கும் நீ திருப்பிச் சொன்னியாம். எனக்குச் சொல்லல. அப்ப அது ஒன்கிட்ட இருக்கணும்லா?"

சந்தனமாரி நாற்காலியிலிருந்து இறங்கி அவளும் தரையில் உட்கார்ந்தாள். "இருக்குக்கா."

"ரெண்டு வருசமா வச்சிக்கிட்டா இருந்த?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு எழுதிக் கையெழுத்து வாங்கினேன்லாக்கா."

"யார்கிட்டயும்னா என்கிட்டயுமா, கூறுகெட்டவளே?"

இத்தனை விதி படித்த சந்தனமாரிக்கு அந்த ஒரு கேள்வி இதுவரை தோன்றவேயில்லை. "கேக்க நல்லாருக்காதுக்கா. ஒங்களுக்கு இப்பத்தான் தூக்கம் வருது" என்றாள்.

"தூக்கம் மாட்டுக்குந்தான் வருது. நாலு, நாப்பத்தொண்ணு, இதத்தான் பெத்தேனா நான்? சொல்லு."

சந்தனமாரி சொன்னாள். டெல்வினுக்குச் சிறுநீரகம் ரெண்டும் போய் நாற்பத்தோரு நாள் படுத்தது, ஒருநாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்குமேல் கொடுத்தால் ஆள் தாங்காது என்று டாக்டர் சொன்னது, லூர்தம்மாள் தம்ளரில் ஆணியால் கோடு கீறி வைத்து அளந்து அளந்து கொடுத்தது. கடைசிநாள் மத்தியானம் அவன் தண்ணீர் கேட்டான். ஒன் பங்கு முடிஞ்சு போச்சு, இனி அஞ்சு மணிக்குத்தான் என்றாள். மறுபடி கேட்டான். சாவப்போறியா, பேசாம கெட என்று ஏசினாள். கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்துவிட்டு, "குடிக்க மாட்டேம்மா, கையில மட்டும் வச்சிக்கிடுதேன், குடு" என்றான். அவளுக்கு மனசு கேட்கவில்லை, தம்ளர் நிறைய மோந்து கொடுத்துவிட்டு, துணி காயப்போடப் புறக்கடைக்குப் போனாள். அடுத்த வீட்டுக்காரி கூப்பிட்டாள், அங்கே கொஞ்சம் நின்றாள். வந்து பார்த்தால் ரெண்டு கையாலும் தம்ளரை நெஞ்சில் பிடித்தபடி போய்விட்டிருக்கிறான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை, ஒரு சொட்டுக் குடிக்கவுமில்லை. நின்ற தண்ணீரின் அடியில் மஞ்சளாக விரல்கனம் படிந்திருந்தது.

லூர்தம்மாள் நெற்றியால் மேஜைக் காலில் முட்டி முட்டி அழுதாள். "குடிச்சிருடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? குடிச்சிட்டே போயிருப்பானே! நான் ஏசிட்டேனே, எம்புள்ளைய ஏசிட்டேனே" என்று அவள் கத்தியதில் பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சந்தனமாரி அவளைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள். ஒருபாடு அழுது ஓய்ந்தபிறகு லூர்தம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குரல் கேட்டுட்டு, ஏட்டி. எம்புள்ள குரல் அப்படியே காதுல கேட்டுட்டு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சந்தனமாரிக்குப் பயமாக இருந்தது.

பஸ் ஏற்றிவிடும்போது சந்தனமாரி மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு அங்க சொன்னா எழுதிக்கிடுவாவக்கா. எழுதிட்டா போயிரும், பொறவு நான் திரும்பச் சொன்னாலும் ஒட்டாது. எனக்குப் பதிலா நீ சொல்லுன்னு நெனைக்காதிய, கேட்டுத் தெரிஞ்சவ சொல்றது செல்லாதாம், கேட்டுப் பாத்துட்டேன்."

"தெரியும். இன்னைக்கு ஒருநா எங்கூட இருக்கட்டும்" என்றாள் லூர்தம்மாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, குடிக்க மாட்டேம்மா, கையில மட்டும் வச்சிக்கிடுதேன் என்று உதடசைவது தெரிய, அவள் போனாள்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. அதிகாரி மேஜைக்குப் பின்னால், தட்டச்சு செய்கிற பெண் பக்கத்தில், கம்பெனி வக்கீல்கள் மூவர் முன்வரிசையில். அருளப்பன் போய் நின்று, "நாலு. அறுவத்தி மூணு" என்றார். அதிகாரி புரியாமல் பார்த்தார். பேச்சிக்கனி, "நாலு. பதினேழு" என்றாள். டீக்கடைக்காரர், கொழுந்தன், உப்பளத்து ஆட்கள், முப்பது பேர் வரிசையாகப் போய் எண்ணைச் சொல்லிவிட்டு வந்தார்கள். வக்கீல்களில் ஒருவர், "ஐயா, இவங்க யாருக்கும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு பதிவு பண்ணிக்கலாமே" என்றார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

லூர்தம்மாள் பெஞ்சில் சந்தனமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவள் எழாமல் போனாலும் யார் அவளைக் குற்றம் சொல்ல முடியும், பெற்றவளுக்குப் பிள்ளை ரெண்டு வருஷம் கழித்து நேற்றுத்தான் திரும்பக் கிடைத்திருக்கிறான். சந்தனமாரி அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், போங்க என்று சொல்லவும் வாய் வரவில்லை, போகாதிய என்று சொல்லவும் வரவில்லை. முன்னால் இசக்கி அம்மா மடியில் சாய்ந்து, வீங்கிய இமைக்குள்ளிருந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்மா, தண்ணி" என்றாள். பேச்சிக்கனி பாட்டிலைத் திறந்தாள். கிணற்றுத் தண்ணீர், வேறு எந்தத் தண்ணீர் இருக்கிறது அந்த ஊரில்.

லூர்தம்மாள் எழுந்துபோய் அந்தப் பாட்டிலைப் பிடுங்கிக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்தாள். "எழுதுங்கம்மா" என்று தட்டச்சுப் பெண்ணிடம் சொன்னாள். சொல்ல ஆரம்பித்தாள்.

முழுசாகச் சொன்னாள். தம்ளரில் கீறிய கோட்டைச் சொன்னாள், அளவைச் சொன்னாள், ஏசியதைச் சொன்னாள், மஞ்சள் படிந்திருந்ததை விரலை வைத்துக் காட்டிச் சொன்னாள். அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் மூன்று மாதம் கழித்துக் கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டினார்கள், குட்டைக்கு முத்திரை வைத்தார்கள், ஊருக்கு லாரித் தண்ணீர் வந்தது. இசக்கி இன்னும் உயிரோடு இருக்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள். அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு அந்த அறையில், மகன் சொன்ன கடைசி வார்த்தையை அவள் சொன்னபோது, தட்டச்சுப் பெண் அடித்துக்கொண்டே அழுதாள், நாலுக்காரர்கள் முப்பது பேரும் தங்கள் வீட்டு ஆளுக்குச் சேர்த்து வைத்திருந்த கண்ணீரை எல்லாம் டெல்வினுக்காக விட்டார்கள், வக்கீல்கள்கூடக் காகிதத்தைப் புரட்டுவதை நிறுத்தினார்கள்.

லூர்தம்மாள் பேசி முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதிகாரியைப் பார்த்து மரியாதையாக, "ஐயா, நான் ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அதிகாரி தட்டச்சுப் பெண்ணிடம் சைகை காட்டினார். அவள் காகிதத்தை எடுத்து, சட்டப்படி, வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினாள். சந்தனமாரி போய் லூர்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லூர்தம்மாள் தலையைச் சாய்த்து, கடைசிவரை கவனமாகக் கேட்டாள்.

"பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றாள் சந்தனமாரியிடம் தணிந்த குரலில். "அந்தத் தாய் குடிச்சிருடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

சந்தனமாரி பிடித்திருந்த கையை இறுக்கிக்கொண்டாள். "டாக்டர் கொடுக்காதன்னு சொன்னாவக்கா. புள்ள பொழைக்கணும்னுதான அவ அளந்து அளந்து கொடுத்தா. அவளுக்கு என்னக்கா தெரியும்?"

லூர்தம்மாள் யோசித்தாள். "ஆமா, அதுவுஞ் சரிதான். அவ என்ன செய்வா பாவம், அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டு, மைப்பெட்டியில் விரலை ஒற்றி, காகிதத்தில் காட்டிய இடத்தில் அழுத்தி வைத்தாள்.